எந்த சிஸ்டர் எதை எண்ணுகிறார்?

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குள் போனால் பிரசவ வார்டில் நிற்பவரும் சிஸ்டர், டயாலிசிஸ் அறையில் இருப்பவரும் சிஸ்டர், ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்து "கூட வந்தவங்க யாரும்மா?" என்று கேட்பவரும் சிஸ்டர். தங்கச்சிமடத்துத் தெருவில் வீடு வீடாக வந்து "மாத்திரை போட்டியா இல்லையா?" என்று அதட்டுகிறவர் மட்டும் நர்ஸம்மா. கூப்பிடும் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஊசி போடுவது, குளுக்கோஸ் பாட்டில் மாற்றுவது, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் பின்னால் நடப்பது.

ஒரு நர்ஸ் எந்தத் துறைக்காரர் என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு ஷிஃப்டில் அவர் திரும்பத் திரும்ப எதை எண்ணுகிறார் என்று பாருங்கள். ஒருவர் பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது என்று எண்ணுவார். ஒருவர் வயிற்றுக்குள் போன துணிகளை எண்ணுவார். இன்னொருவர் சிறுநீரை மில்லிலிட்டர் கணக்கில் எண்ணுவார். அந்த எண்ணிக்கை தப்பினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதுதான் அந்தத் துறையின் பாதிப் பாடம்.

இந்தக் கரையில் அது இன்னும் அழுத்தமாகத் தெரியும். ராமேஸ்வரம் தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போக இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டாலும் தனுஷ்கோடி, வாலிநோக்கம், தொண்டிப் பக்கத்துக்காரர்களுக்குத் தூரம் தூரம்தான். நோயாளியை முதலில் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நர்ஸாகத்தான் இருக்கும்.

கரையில்: கிராம சுகாதார செவிலியர்

நர்ஸம்மா என்று ஊர் சொல்வது இவரைத்தான். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அதன் பொறுப்பு இவருடையது. படிப்பு, இரண்டு ஆண்டு துணைச் செவிலியர் பயிற்சி. வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வேறு, இவர் வேறு. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்த பிறகு இந்தக் குழப்பம் கூடிவிட்டது. தன்னார்வலர் பயிற்சி பெற்றவர்தான், ஆனால் செவிலியராகப் பதிவு பெற்றவர் அல்ல.

நர்ஸம்மாவின் முதல் எண்ணிக்கை வாரம். கர்ப்பம் 12 வாரத்துக்குள் பதிவாக வேண்டும். பிக்மி எண் என்ற அரசுக் கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் மகப்பேறு நிதியுதவியும் பிற்பாடு பிறப்புச் சான்றிதழும் இழுபடும். நான்கு வார இடைவெளியில் டெட்டனஸ், டிப்தீரியாவைத் தடுக்கும் டிடி ஊசி இரண்டு, நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாகக் குறைந்தது 180 இரும்புச் சத்து மாத்திரை. மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் ஏறவில்லை என்றால் அனுபவமுள்ள நர்ஸம்மா முதலில் கேட்பது, "டீயோட சேத்து முழுங்குறியா?" என்றுதான். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஊரில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, மேலே அனுப்ப வேண்டும். பிரஷர் 140/90-ஐத் தொட்டாலும் அப்படியே.

இரண்டாவது எண்ணிக்கை டிகிரி. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகக் குளிரிலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கினால், அதை ஒட்டியிருக்கும், ஐந்து நோய்களை ஒன்றாகத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி மருந்து உறைந்து வீணாகிவிடும். அதனால் நான்கு ஐஸ் பேக்கையும் வெளியே எடுத்து வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்துதான் அடுக்குவார்கள். தட்டம்மை மருந்து நேர் எதிர். அதற்குச் சூடுதான் ஆகாது. கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. மிச்சம் இருக்கிறதே என்று சாயங்காலம் வரும் குழந்தைக்குப் போட்டால் அதற்குள் கிருமி வளர்ந்து உயிரையே எடுத்துவிடலாம். பாதி பாட்டிலைத் தூக்கி எறியும் நர்ஸைப் பார்த்தால் ஊதாரி என்று நினைக்க வேண்டாம்.

கடல் தொழில் ஊரில் இன்னொரு சிக்கல், ஆண்களைப் பிடிப்பது. பிரஷர், சுகர் பார்க்க நர்ஸம்மா பகலில் வந்தால் அவர்கள் கடலில் இருப்பார்கள், இல்லை தூக்கத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் இதற்கு வசதியான நேரம். அந்த இரண்டு மாதத்தைச் சரியாகப் பயன்படுத்தும் ஊரில் பிற்பாடு கால் அறுவைகள் குறையும் என்று தாராளமாக நம்பலாம். சுகர் உள்ளவர் செருப்பில்லாமல் மணலில் நடந்து, சங்குச் சில்லு குத்தியது தெரியாமலே இருந்து, புண் எலும்பு வரை போன பிறகு வருவதுதான் இங்கே வழக்கமான கதை.

அவசரப் பிரிவு: வரிசை அங்கே செல்லாது

அவசரப் பிரிவு நர்ஸின் முதல் வேலை தரம் பிரிப்பது. சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ரேஷன் கடை நியாயம் அங்கே கிடையாது. கை உடைந்து அலறுபவர் மஞ்சளாகவும், சத்தமே இல்லாமல் வியர்த்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் சிவப்பாகவும் இருப்பார்கள். சத்தம் போடுபவருக்கு மூச்சு இருக்கிறது என்பது உறுதி; சத்தம் போடாதவரைத்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

நெஞ்சு வலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி வந்தால் நர்ஸ் கேட்கும் கேள்வி, "எப்ப பாத்தீங்க?" என்பதல்ல. "கடைசியா நல்லாப் பேசுனது எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கடிகாரம் நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஐந்து மணிக்கு இப்படிக் கிடந்தால் கணக்கு பத்திலிருந்துதான். காலை ஐந்து என்று மாற்றிச் சொன்னால் மருந்து கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்ட மருந்து மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடலாம்.

இந்தக் கரைக்கே உரிய காயங்கள் தனி. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் வலி உயிர் போகும். அந்த விஷம் சூட்டில் முறியும் தன்மையது. அதனால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், காயம்பட்ட இடத்தை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பார்கள். சூட்டைக் காயம் படாத கையால் பார்க்க வேண்டும். வலியில் இருப்பவருக்குக் கொதிநீரும் தெரியாது, தோல் வெந்துவிடும். பிறகு முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் கரையில் யாரும் பிடுங்கக் கூடாது. அதுவே அங்கே அடைப்பானாக இருந்து ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

சொறிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் ஒட்டியிருக்கும் கொட்டு அணுக்களை இன்னும் வெடிக்க வைக்கும். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். கடல் பாம்பு கடித்தால் கடிவாயில் வலியே இருக்காது, அதுதான் ஏமாற்றுகிறது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, வாய் திறக்க முடியாமை, இமை தொங்கல், காபி நிறத்தில் சிறுநீர் என்று ஒவ்வொன்றாக வரும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும்தான். கடல் பாம்புக்கு ஆகாது. எனவே இங்கே நர்ஸின் கண்தான் பாதி வைத்தியம். இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சிறுநீர் என்ன நிறம், எவ்வளவு என்று விடாமல் பார்த்து, மூச்சுத் தசை களைப்பதற்கு முன்னால் வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

டிரஸ்ஸிங் அறையில் ஒரு கேள்வியை விடக் கூடாது: "காயம் கடல் தண்ணியில பட்டதா?" மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்கு விரலில் பவளப்பாறைக் கீறல் சகஜம். அவர்களில் சுகரோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு உப்புநீர்க் கிருமி ஏறினால் ஒரே ராத்திரியில் கொப்புளம் கட்டிக் கருத்துவிடும். சாதாரணச் சிராய்ப்பு என்று கட்டுப் போட்டு அனுப்பினால் மறுநாள் கையையே காப்பாற்றப் போராட வேண்டிவரும்.

108 வண்டியில் வருபவர் அவசர மருத்துவ உதவியாளர். அவருடைய பயிற்சி தனி. நர்ஸ் வகையில் சேராது.

பிரசவ அறை

நம் ஊரில் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமாவோ பிஎஸ்சி நர்சிங்கோ படித்தவர்கள் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் இரட்டைப் பதிவு பெறுகிறார்கள். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள்தான் சுகப்பிரசவம் பார்க்கிறார்கள். டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் எது என்று தெரிந்திருப்பது இந்த வேலையின் உச்சத் திறமை. அதற்கான கருவி பார்ட்டோகிராஃப் என்ற ஒற்றைத் தாள். பத்து நிமிடத்தில் எத்தனை வலி, குழந்தையின் இதயத்துடிப்பு 110-க்கும் 160-க்கும் இடையில் இருக்கிறதா, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அரை மணிக்கும் நாலு மணிக்குமாகக் கட்டங்களில் குறித்துக்கொண்டே வந்தால், எங்கே தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பிய பார்ட்டோகிராஃப் வெறும் காகிதம். அப்படியும் நடக்கிறது என்பதை ஒளிப்பதில் பயனில்லை.

தாய்மார் உயிர் போவது பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகுதான். குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட். அப்புறம் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். கருப்பை கிரிக்கெட் பந்து போல இறுகியிருந்தால் நிம்மதி, மாவு போலத் தொளதொளத்தால் ரத்தப்போக்கு வரப்போகிறது. இறுகாததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது நிரம்பிய சிறுநீர்ப்பை. சிறுநீரை வடித்துவிட்டாலே பல நேரம் கருப்பை இறுகிவிடும். 500 மில்லி ரத்தம் என்பது அபாயக் கோடு. கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே சொல்வோம். அளவுப் பையோ, துணியின் எடையோ வேண்டும்.

பிரஷர் ஏறி வலிப்பு வரும் நிலையில் மக்னீசியம் சல்ஃபேட். 4 கிராம் நரம்பில் மெதுவாக, 5 கிராம் வீதம் இரண்டு பிட்டத்திலும், ஆக மொத்தம் 14 கிராம். முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியேற்ற வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கட்டும்" என்று வெறுமனே அனுப்பினால் பாம்பன் பாலத்தின் மேல் வலிப்பு வரும். வண்டிக்குள் செய்ய ஒன்றும் இருக்காது. நாலு மணி நேரம் கழித்து அடுத்த ஊசிக்கு முன் மூன்று சோதனை: முழங்கால் தட்டினால் உதைக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஊசி இல்லை. மருந்து உடம்பில் தேங்கிவிட்டது என்று அர்த்தம். அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் அதே டிரேயில் இருக்க வேண்டும், அலமாரியில் பூட்டி அல்ல.

பச்சிளம் குழந்தையும் கொஞ்சம் வளர்ந்த குழந்தையும்

பிறந்த குழந்தை வார்டு நர்ஸ் கிராமில் யோசிப்பவர். 2,500 கிராமுக்குக் கீழே எடை குறைவு. பிறந்தவுடன் துடைத்து, சூடாக வைத்து, அழாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்குவது முதல் கடமை. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்வார். வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வருவது இதற்காகத்தான். சின்ன உடம்பு சூட்டை இழந்தால் சர்க்கரையும் இறங்கும், மூச்சும் திணறும். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீச்சி, பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான்; இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறது, ஃபீடிங் பாட்டிலைவிடக் கழுவச் சுலபம். குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கூடுதலும் ஆபத்து. ரத்தத்தில் அதன் அளவு 90–95 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து ஏறினால் விழித்திரை கெடலாம். "நல்லா நூறு காட்டுதே" என்று சந்தோஷப்படுவது பெரியவர்களுக்குத்தான் சரி.

குழந்தைகள் வார்டில் எல்லாக் கணக்கும் எடைக்கு இவ்வளவு. வீட்டில் நடக்கும் தப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சலுக்கு ஒரு தடவைக்குப் பாராசிட்டமால் 150 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 என்று போட்ட சிரப்பில் அது 6 மில்லி. 250 என்று போட்டதில் 3 மில்லி. 1 மில்லிக்கு 100 என்ற சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மூன்றும் ஒரே மருந்து, ஒரே மாதிரிப் பாட்டில். சொட்டு மருந்தை டீஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். குழந்தைகள் நர்ஸ் ஊசி எடுக்கும் முன் வாய்க்குள் முணுமுணுப்பது இந்தக் கணக்கைத்தான். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

தியேட்டரும் ஐசியுவும்

தியேட்டரில் இரண்டு வகை நர்ஸ். கிருமி நீக்கிய உடை, கையுறையோடு சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவர் ஸ்க்ரப் நர்ஸ். கிருமி நீக்கிய பகுதிக்கு வெளியே சுற்றி, கேட்டதைத் திறந்து போட்டு, எழுதி வைப்பவர் சர்குலேட்டிங் நர்ஸ். மாப் துணி, ஊசி, கருவிகளை இருவரும் சத்தமாகச் சேர்ந்து எண்ணுவார்கள்: தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும் முன். ஒன்று குறைந்தால் சர்ஜன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லும் உரிமை இவர்களுக்கு உண்டு. நிறுத்தச் சொல்லத் தயங்கும் தியேட்டரில்தான் துணி உள்ளே தங்கிப்போகிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம் என்பது பாடம். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப் நிறம் மாறியிருந்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் பொருள். நடுவில் வைத்த இண்டிகேட்டரும் மாறியிருக்க வேண்டும், பொட்டலம் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பொட்டலம் என்றால் திரும்பவும் உலைக்கு.

ஐசியுவில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது முறை, கிடைப்பது அபூர்வம். மணிக்கு மணி எண்கள், இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தல், தலைப்பக்கம் 30 டிகிரி உயர்வு, சளி உறிஞ்சினால் 10–15 விநாடிக்குள் குழாயை வெளியே எடுத்தல். உள்ளே விடவில்லை என்று கோபப்படுகிற உறவினர்கள் தங்கள் கை அங்கே விட்டுவிட்டுப் போகும் கிருமியைப் பற்றி யோசிப்பதில்லை.

டயாலிசிஸ்: தண்ணீரும் எடையும்

சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். இங்கே நர்ஸ் எண்ணுவது கிலோ. நீர் சேராத சரியான எடை ஒருவருக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை 63 கிலோவாக வந்தால் உள்ளே 3 லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது. ஒரு மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது பாதுகாப்புக் கணக்கு. நாலு மணியில் சுமார் 3.1 லிட்டர். கல்யாண வீட்டு பிரியாணி, இரண்டு சோடா என்று 5 கிலோ ஏறி வந்தால் ஒரே நாளில் எடுக்க முடியாது. எடுத்தால் பிரஷர் சட்டென்று விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பாதியில் நிறுத்த வேண்டிவரும். கருவாடு இங்கே இரண்டு வகையில் கெடுக்கிறது: உப்பு, அந்த உப்பால் வரும் தாகம். இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று கொண்டுவந்து கொடுக்கும் உறவினர்களிடம் நர்ஸ் கடுமையாகப் பேசினால் காரணம் இருக்கிறது. அதில் பொட்டாசியம் நிறைய. ஏறினால் இதயம் நின்றுவிடும்.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலாவைத் தொட்டால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தினமும் காலையில் நோயாளியே தொட்டுப் பார்க்கப் பழக்குவது நர்ஸின் வேலை. அதிர்வு இல்லையென்றால் அன்றே வர வேண்டும், அடுத்த முறைக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது.

யாரும் கவனிக்காத விஷயம் தண்ணீர். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணிக்கு ஒரு ஆளுக்கு 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும். உவர்நீர் ஊர்களில் ஆர்ஓ இயந்திரம் பாடாய்ப் படும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் கரி வடிகட்டியைத் தாண்டிப் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் குளோரின் சோதனை. டயாலிசிஸ் நடக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தால், தேர்ந்த நர்ஸ் காய்ச்சல் மாத்திரை தேடுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிப்பார்.

மனநல நர்ஸ்

இந்த மாவட்டத்தில் இந்தத் துறையைப் பேசினால், மனநோயாளிகளைக் குடும்பங்கள் தர்காவுக்கு அழைத்து வரும் ஏர்வாடியைத் தவிர்க்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

மனநல நர்ஸின் வேலை பேசி ஆறுதல் சொல்வது மட்டும் என்று நினைப்பது தவறு. மாத்திரை விழுங்கப்பட்டதா, நாக்குக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். மாத்திரை மறப்பவருக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியின் தேதியைக் கணக்கு வைப்பார். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் விஷயத்தில் இந்தக் கரையின் வெயிலே ஒரு எதிரி. வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அல்லது பேதி போனால், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் 'குடிச்சிருக்கான்' என்று ஒதுக்காமல் மாத்திரையை நிறுத்தி ரத்தம் எடுக்க வேண்டும். வழக்கமான அளவுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. தற்கொலை எண்ணம் உள்ளவரை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், ஆனால் சரியாக 15 ஆகக் கூடாது. நேரம் ஒரே மாதிரி இருந்தால் அவருக்கும் கணக்கு தெரிந்துவிடும்.

தர்காவுக்கு வரும் குடும்பத்திடம் "இதெல்லாம் மூட நம்பிக்கை" என்று ஆரம்பித்தால் நோயாளி அடுத்த தடவை வரமாட்டார். "ஃபாத்திஹா ஓதுங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்று சொல்லும் நர்ஸால்தான் வேலை நடக்கிறது. தொலைபேசியில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் எந்த நேரமும் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வலி நிவாரண நர்ஸ்

புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் படுத்தவர் வீட்டுக்குப் போய்ப் புண் கட்டி, சிறுநீர்க் குழாய் மாற்றுபவர் இவர். மார்ஃபின் மாத்திரை வலி வந்த பிறகு போடுவதல்ல, நாலு மணிக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துப் போடுவது. கூடவே மலமிளக்கியும் கட்டாயம். அதை மறந்தால் வயிறு கட்டி நோயாளி மார்ஃபினையே வேண்டாம் என்பார். நாற்றம் வீசும் புண்ணில் மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் வாடை அடங்கும், விட்டுப்போன உறவினர்கள் திரும்ப அறைக்குள் வருவார்கள்.

படிக்க நினைப்பவருக்கு

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் நாலு ஆண்டு பிஎஸ்சி நர்சிங். ஜிஎன்எம் மூன்று ஆண்டு. நர்ஸம்மா வேலையைத் தவிர, மேலே சொன்ன துறைகளில் எதுவும் முதல் நாளே கிடைக்காது. முதலில் எல்லாரும் பொது நர்ஸ்தான். அதன் பிறகு டயாலிசிஸ், தியேட்டர், அவசர சிகிச்சை, பச்சிளம் குழந்தை என்று ஓராண்டு டிப்ளமாக்கள் இருக்கின்றன. எம்எஸ்சி இரண்டு ஆண்டு. அதில் மருத்துவ-அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து பிரிவு. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இரண்டு ஆண்டுதான், ஆனால் அது வகுப்பறையைவிட வார்டில் நடக்கும் படிப்பு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸில் ஐந்து வருடம் பழகிய நர்ஸை இடமாறுதல் என்ற பெயரில் காய்ச்சல் வார்டுக்கு அனுப்புவது நம்மிடம் சாதாரணம். தனித்துறைப் படிப்பை மதித்து அதே துறையில் வைத்திருக்கும் இடமா என்று வேலையில் சேரும் முன் கேட்பது நல்லது.

இன்னொன்று, 'நர்சிங் உதவியாளர்' என்று ஓராண்டுச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சி மையங்கள் ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருக்கின்றன. அந்தச் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலையும் இல்லை, வளைகுடா வேலையும் இல்லை. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வெளிநாட்டுக் கனவோடு சேரும் பெண்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். முதல் தவணைப் பணத்தைக் கட்டும் முன்பே, தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் அந்த இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.